வானத்தில் துண்டு போட்டவர்

என் நாத்தனாரின் கல்யாணப் போட்டோவில் அவள் பக்கத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருப்பவர் மாப்பிள்ளை அல்ல, அவளுடைய தாய்மாமன். மாப்பிள்ளை பின்னால் கோட்டும் சூட்டுமாகக் கொடிக்கம்பம் போல நின்றுகொண்டிருப்பார். போட்டோக்காரர் "எல்லாரும் சிரிங்க" என்று சொல்லிக் கேமராவுக்குப் பின்னால் குனிந்த நேரம் பார்த்துத் தாய்மாமன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். பெரியவர் நிற்கிறார். அவ்வளவுதான், நாற்காலி கைமாறிவிட்டது. அந்தப் போட்டோவைப் பார்க்கிறவர்கள் இன்றைக்கும் அவளிடம், "உங்க வீட்டுக்காரருக்கு வயசு கொஞ்சம் கூடுதலோ?" என்று கேட்கிறார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காபி கலக்கப் போய்விடுவாள்.

பின்னால் நிற்கிற அந்த மனிதரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஊரில் அவருக்குத் துண்டு அண்ணன் என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று கல்யாணப் பத்திரிகையில் அச்சாகியிருந்தது. அந்தப் பத்திரிகையையும் யாரோ விசிறிக்கொள்ள வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவருடைய தொழில் இடம் பிடிப்பது. பஸ் நிலையத்துக்குள் பஸ் வளைந்து நுழையும்போதே ஜன்னல் வழியாக அவருடைய பச்சைத் துண்டு உள்ளே பறக்கும். கேட்ட சீட்டில் சப்பென்று விழும். ஜன்னலோரம் வேண்டுமா, டிரைவருக்குப் பின்னால் வேண்டுமா, வாந்தி எடுக்கிறவர்களுக்குத் தோதாக முன்பக்கம் வேண்டுமா, சொன்னால் போதும். ஒருநாள் தவறான வரிசைக்குப் போன துண்டு பாதி வழியில் யோசித்துத் திரும்பி வந்து சரியான சீட்டில் விழுந்தது. நான் பார்த்தேன். நம்பாதவர்கள் அந்தப் பஸ் கண்டக்டரைக் கேட்டுக்கொள்ளலாம். அவர் அன்றோடு வேலையை விட்டுவிட்டார்.

பஸ்ஸோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வரிசை, பள்ளிக்கூட அட்மிஷன் வரிசை, சினிமாக் கொட்டகை, எங்கே கூட்டமோ அங்கே அவர் துண்டு கிடக்கும். இன்னும் பிறக்காத குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு பிடித்து வைத்திருக்கிறார். முடி திருத்தும் கடையில் நண்பனுக்காக நாற்காலி பிடித்த கதை எல்லாருக்கும் தெரியும். காலி நாற்காலியைக் கடைக்காரர் அனுமதிக்கமாட்டார் என்பதால் இவரே உட்கார்ந்து வெட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. நண்பன் வரவில்லை. மறுபடி வெட்டினார்கள். நண்பன் வந்து சேர்ந்தபோது வெட்டுவதற்கு இவர் தலையில் ஒன்றும் மிச்சமில்லை. இடம் மட்டும் பத்திரமாக இருந்தது.

யாராவது துண்டைத் தள்ளிவிட்டு உட்காரப் பார்த்தால் அவர் சண்டை போட மாட்டார். "இங்க ஆள் வருதுங்க" என்பார். அந்தச் சொல்லை அவர் சொல்கிற அழகே தனி. கேட்டவர்கள் தங்களை அறியாமல் வாசலைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆள் வந்ததும் துண்டை எடுத்து ஒரு உதறு உதறி, அந்த இடத்தைக் கொடுத்துவிட்டு, நின்றுகொள்வார். இதுதான் என் நாத்தனாரின் வயிற்றெரிச்சல். எங்கே போனாலும் அவளுக்கு நல்ல இடம் கிடைக்கும். அவளுக்குப் பக்கத்தில் தனக்கும் ஒரு இடம் பிடிப்பார். பஸ் கிளம்புவதற்குள் ஒரு கைக்குழந்தைக்காரி, ஒரு கிழவர், ஒரு தவில் மாதிரி வயிறுள்ள சிப்பாய், யாராவது ஒருவர் வந்து நிற்பார். இவருக்குக் கால் தானாக எழுந்துவிடும்.

"அண்ணி, பஸ்ஸுல எம்பக்கத்துல உலகமே உக்காந்திருக்கு," என்று அவள் என்னிடம் அழுதிருக்கிறாள். "இவரு ஒருத்தர்தான் உக்காந்ததில்ல."

"ஒருநாள் சட்டையைப் பிடிச்சு இழுத்து உக்கார வைக்கிறதுதானே?"

"இழுத்தேன். சட்டை கைல வந்துடுச்சு. இவரு நின்னுட்டாரு."

வீட்டிலும் இதே கூத்து. இரண்டு பேருக்கு இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டாள். பூனை ஒன்றில் ஏறிப் படுத்துக்கொண்டது. பூனையை எழுப்ப அவருக்கு மனசு வரவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டார்.

இப்படிப்பட்டவர் வானத்துக்குப் போன விதத்தைச் சொல்கிறேன். ஆளாகப் போகவில்லை, துண்டாகப் போனார்.

நம் நாட்டுக்கென்று ஒரு தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் விடப் போகிறார்கள் என்று அப்போது ஒரே பேச்சு. அதற்கென்றே ஒரு திட்ட அலுவலகம் திறந்திருந்தார்கள். அதன் இயக்குநர் தினமும் பஸ்ஸில் வருவார். அலுவலகக் கார் ஒன்று உண்டு. ஆனால் அது இன்னும் திட்டத்தில் இருந்தது. ஒருநாள் நெரிசலில் அவருடைய மூக்குக்கண்ணாடி ஒருபக்கமும் அவர் ஒருபக்கமுமாகத் தொங்கிக்கொண்டிருந்தபோது துண்டு அண்ணன் தன் இடத்தை அவருக்குக் கொடுத்தார்.

"ரொம்ப நன்றிப்பா. இது யாருக்குப் பிடிச்சு வச்சது?"

"எனக்குத்தான் சார். பரவால்ல."

"ஒரு இடத்தை எவ்வளவு நேரம் பிடிச்சு வைப்பே?"

"ஆள் வர்ற வரைக்கும் சார்."

"ஆள் வரவே லேட் ஆனா?"

"நிப்பேன் சார்."

"ஆளே இன்னும் உருவாகலன்னா?"

"உருவாகி வரட்டும் சார். என்ன அவசரம்?"

இயக்குநர் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நாடு தேடிக்கொண்டிருந்த ஆள் கிடைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். பூமியின் நடுவயிற்றுக்கு நேர் மேலே, வெகு உயரத்தில், ஒரே ஒரு வட்டப் பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் போகிற செயற்கைக்கோள் பூமி சுழலுகிற அதே வேகத்தில் சுற்றுவதால், கீழே இருக்கிறவர்களுக்கு ஒரே இடத்தில் ஆணி அடித்தது போலத் தெரியும். டிஷ்ஷை ஒருதடவை அந்தப் பக்கம் திருப்பி வைத்தால் போதும். அப்புறம் தொட வேண்டாம். ஆகவே எல்லா நாட்டுக்கும் அந்த வட்டத்தில்தான் இடம் வேண்டும். நெருக்கி உட்கார்ந்தால் ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் விழும் என்பதால் இடைவெளி விட்டுத்தான் உட்கார முடியும். இடங்களைப் பங்கிட்டுக் கொடுக்க ஒரு பெரிய சபை இருக்கிறது. இடம் கேட்ட நாட்டுக்குச் சபை ஏழு வருடம் தவணை கொடுக்கும். அதற்குள் அங்கே ஒரு செயற்கைக்கோளைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கிற நாட்டுக்கு இடம் போய்விடும்.

"நமக்கு அடுத்து நிக்கிறது பக்கத்து நாடு," என்றார் இயக்குநர். "கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருக்கான்."

துண்டு அண்ணனுக்கு ஒரே ஒரு சந்தேகம். "சார், சீட்டும் ஓடுது, அதுல உக்கார்ற ஆளும் ஓடுறாரு, கீழ நம்மளும் ஓடுறோம். அதனால எல்லாரும் நிக்கிற மாதிரி இருக்கு. அப்படித்தானே?"

"அப்படியேதான்."

"எங்க ஊரு பஸ்ஸு மாதிரிதான் சார்," என்று வேலையை ஒப்புக்கொண்டார்.

வேலையின் பெயர் இடக் காவலர். திட்ட அலுவலகத்தின் மொட்டை மாடியில் ஒரு பெரிய டிஷ், வானத்தில் நமக்கு ஒதுக்கிய அந்தக் காலி இடத்தையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு மைக்கும் ஒரு சின்ன ஸ்பீக்கரும் ஒரு மர நாற்காலியும். காலையில் மாடிக்கு வந்ததும் பச்சைத் துண்டை டிஷ்ஷின் விளிம்பில் போட வேண்டும். அவ்வப்போது மைக்கைத் தட்டிப் பார்த்து, வானத்தைப் பார்த்து, "இங்க ஆள் வருது" என்று சொல்ல வேண்டும். இடத்தில் நமக்கு அக்கறை விட்டுப்போகவில்லை என்று சபைக்குக் காட்ட ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்பது இயக்குநரின் கொள்கை. சொன்னதெல்லாம் டேப்பில் பதிவாகும்.

நாற்காலியில் அவர் உட்கார்ந்தாரா என்று கேட்காதீர்கள். அதன் மேல் இன்னொரு துண்டைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

வரப்போகிற செயற்கைக்கோளின் மாதிரி ஒன்று கீழே வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. உயரம் ஒரு முழம் இருக்கும். இரண்டு பக்கமும் நீலச் சிறகு. அலுவலகத்தில் அதை யாரும் அது என்று சொல்வதில்லை. "அவர்" என்பார்கள். "வர வேண்டியவர்" என்பார்கள். கூட்டிப் பெருக்குகிற அம்மாகூடப் பெட்டியைத் துடைக்கும்போது, "கொஞ்சம் கண்ண மூடிக்குங்கய்யா, தூசி" என்று சொல்லித்தான் துடைப்பாள்.

முதல் கோடையில் என் நாத்தனார் கையில் சோற்று டப்பாவோடு அந்த மாடிக்குப் போனாள். வெயிலில் புருஷன் நிற்கிறார், நிழலில் நாற்காலி கிடக்கிறது. நேராக இயக்குநர் அறைக்குள் புகுந்துவிட்டாள்.

"என் வீட்டுக்காரர வேலைக்கு வச்சிருக்கீங்களா, இல்ல கம்பத்துக்குப் பதிலா நட்டு வச்சிருக்கீங்களா?"

"அம்மா, நாற்காலி போட்டுத்தான் இருக்கு. அவர்தான் உக்கார மாட்டேங்குறார்."

"அதான் தெரியுமே! கல்யாணத்துலயே உக்காரல. எங்க மாமா உக்காந்தாரு." பையிலிருந்து கல்யாணப் போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தாள். அதை ஏன் சோற்று டப்பாவோடு கொண்டுபோனாள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இயக்குநர் போட்டோவை வெகுநேரம் பார்த்தார். மனிதர் இளகிப்போனார். "சரிம்மா. இப்படிச் செய்வோம். வர வேண்டியவர் மேல போற அன்னிக்குப் பெரிய விழா. முதல் வரிசையில ரெண்டு நாற்காலி. ஒண்ணு உங்களுக்கு. பக்கத்துல உங்க வீட்டுக்காரருக்கு. போட்டோவும் எடுப்போம்."

"எந்திரிக்கக் கூடாது."

"எந்திரிக்க மாட்டார்."

"மந்திரியே வந்து நின்னாலும்?"

இயக்குநர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நின்னாலும்."

அன்று மாலையே அவள் ஒரு ஜோடி செருப்பு வாங்கினாள். பித்தளைப் பூ வைத்த, கொஞ்சம் குதி உயர்ந்த செருப்பு. "முதல் வரிசைல உக்கார்றவங்களுக்குத்தான் அண்ணி கால் தெரியும்," என்றாள். தோல் இறுகிப் போகாமல் இருக்க அவ்வப்போது அதைப் போட்டுக்கொண்டு கட்டிலின் மேல் நடந்து பழகுவாள். தரையில் நடந்தால் அடி தேய்ந்துவிடுமாம்.

வருடங்கள் போயின. வர வேண்டியவர் வரவில்லை. முதலில் அவருக்குப் பெயர் வைக்க ஒரு குழு போட்டார்கள். பெயரை எந்தப் பக்கம் எழுதுவது என்று இன்னொரு குழு. அவ்வளவு உயரத்தில் யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்ட உறுப்பினரைக் குழுவிலிருந்து நீக்க மூன்றாவது குழு. விழா மேடையைக் கட்டி முடித்துவிட்டார்கள். மேடை ஒருமுறை மழையில் சரிந்து மறுபடியும் கட்டினார்கள். செய்யாதது செயற்கைக்கோள் ஒன்றைத்தான். மாடியில் துண்டு மட்டும் வெளுத்துப்போனது; வேறு பச்சைத் துண்டு வாங்கிப் போட்டார்கள்.

"வருவாராங்க அவரு?" என்று என் நாத்தனார் தினமும் கேட்பாள்.

"வருவாரு. சாமான் எல்லாம் வந்துக்கிட்டு இருக்காம்."

"எனக்குக் கால் வீங்க ஆரம்பிச்சிருச்சு. சீக்கிரம் வரச் சொல்லுங்க."

தவணையின் கடைசி நாளும் வந்தது. இயக்குநர் சபையிடம் இன்னொரு தவணை கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார். மாடியில் மத்தியான வெயில். துண்டு அண்ணன் வழக்கம்போல மைக்கைத் தட்டினார்.

"இங்க ஆள் வருது."

ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் கேட்டது.

"எத்தனை வருஷமா வர்றாரு உங்க ஆளு?"

துண்டு அண்ணன் டிஷ்ஷைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு வந்தார். பின்னால் யாரும் ஒளிந்திருக்கவில்லை.

நடந்தது இதுதான். இத்தனை நாளும் அவர் பேச்சு அந்தக் காலி இடத்தைத் தாண்டிப் போய் வெட்டவெளியில் தொலைந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அந்த இடத்தின் ஓரத்தில் பக்கத்து நாட்டுக்காரர்களின் பழைய செயற்கைக்கோள் ஒன்று மெல்ல நகர்ந்து வந்து நின்றிருந்தது. நம் தவணை முடிந்ததும் சட்டென்று உட்கார்ந்துவிடத் தயாராக வந்த கோள் அது. இவர் பேச்சு அதில் பட்டுத் திரும்பி அவர்கள் அலுவலகத்தில் போய் இறங்கியது. அங்கே அதை ஓட்டிக்கொண்டிருந்த அம்மாள் பதில் சொல்லிவிட்டாள்.

"யாருங்க பேசுறது?" என்றார் இவர்.

"நீங்க யாரு?" என்றாள் அவள், அதே நேரத்தில்.

பேச்சு அவ்வளவு உயரம் போய் வர வேண்டியிருந்ததால் இரண்டு பேர் வாக்கியமும் நடுவில் முட்டிக்கொண்டன.

"நீங்க சொல்லுங்க."

"இல்ல, நீங்களே சொல்லுங்க."

"பரவால்ல, நீங்க."

இப்படிக் கொஞ்ச நேரம் இரண்டு நாடும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக்கொண்டிருந்தன. கடைசியில் அவள்தான் ஆரம்பித்தாள்.

"அண்ணே, நாங்க பக்கத்து நாடு. இந்த இடத்துக்கு உங்களுக்கு அடுத்து நாங்கதான்."

"தெரியும்மா. ஆனா இங்க ஆள் வருது."

"துண்டப் போட்டுட்டா ஆச்சா? ஏழு வருஷமா துண்டுதான் இருக்கு, ஆளக் காணோம். பொழுது சாய்ஞ்சா இடம் எங்களுது."

"பொழுது சாயட்டும் பேசிக்கலாம். ஆமா, உங்க ஆளு எப்ப வந்தாரு?"

"இப்பத்தான். ரொம்ப தூரத்துல இருந்து நகர்த்திக்கிட்டு வந்தோம் அண்ணே. இது பழசு. எங்கெங்கயோ உழைச்சுக் களைச்சது. எரிபொருள் அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு. இனி ரொம்ப நாள் நிக்கத் தாங்காது."

துண்டு அண்ணன் குரல் மாறிவிட்டது. "வர்ற வழியில எங்கயும் உக்காரலியா?"

"உக்கார எடம் ஏதுண்ணே? எல்லாத்துலயும் ஆளு."

"இவ்வளவு தூரமும் நின்னுக்கிட்டேவா வந்துச்சு?"

"நின்னுக்கிட்டேதான்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வயசான ஒன்று, களைத்துப்போய், காலி இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறது. அதற்கப்புறம் அவர் வாய் பேசியதை அவர் மூளை கேட்கவே இல்லை.

"அட, ஏம்மா நின்னுக்கிட்டே இருக்கணும்? ஆள் வர்ற வரைக்கும் உக்காரச் சொல்லுங்க."

"நெசமாவா சொல்றீங்க?"

"உக்காருங்கம்மா. எங்க ஆளு வந்தா சொல்றேன்."

"ரொம்ப நன்றிண்ணே. உங்க ஆளு வந்ததும் எந்திரிச்சுக்கிறோம்," என்றாள் அவள். நல்ல வீட்டுப் பெண். வேறு எப்படிச் சொல்லுவாள்?

பழைய செயற்கைக்கோள் நகர்ந்து வந்து நம் இடத்தில் உட்கார்ந்தது. துண்டு அண்ணன் டிஷ்ஷின் விளிம்பிலிருந்து துண்டை எடுத்து ஒரு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பழக்கம்.

கீழே போய்த் தானே சொன்னார். இயக்குநர் முதலில் சிரித்தார், அப்புறம் அழுதார், அப்புறம் கண்ணாடிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஐயா, உங்க இடத்தக் குடுத்துட்டான்யா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் என் நாத்தனார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் செருப்புப் பெட்டி. நான் கதவைத் திறந்ததும் அதை என் கையில் கொடுத்தாள்.

"நீங்க போட்டுக்குங்க அண்ணி. எனக்கு இனிமே முதல் வரிசை கிடையாது."

"என்னடி ஆச்சு?"

"பஸ்ஸுல சீட்டக் குடுத்தாரு, பொறுத்துக்கிட்டேன். கல்யாணத்துல நாற்காலியக் குடுத்தாரு, பொறுத்துக்கிட்டேன். இப்ப வானத்தையே எடுத்துக் குடுத்துட்டு வந்து நிக்கிறாரு!"

செருப்பு எனக்குச் சேரவில்லை. போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பின்னாலேயே அவரும் வந்தார். "உள்ள வாங்கண்ணா, உக்காருங்க" என்றேன். "இருக்கட்டும் தங்கச்சி" என்று வாசற்படியிலேயே நின்றார். உள்ளே அவள், வெளியே அவர், நடுவில் நான் தண்ணீர்ச் செம்போடு.

"ஏங்க, அந்த ரெண்டு நாற்காலிக்காக நான் ஏழு வருஷம் காத்துக்கிட்டு இருந்தது உங்களுக்குத் தெரியாதா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா குடுத்தீங்க?"

"அது நின்னுக்கிட்டே வந்துச்சு," என்றார்.

அவள் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அவர் தினமும் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போவார். வேலையை விட்டு நீக்க இயக்குநர் முயன்றார். ஆனால் இடக் காவலரை நீக்க இடம் இருக்க வேண்டுமாம். இடமே போய்விட்டதால் நீக்க வழியில்லையாம்.

வழக்கு பெரிய சபைக்குப் போனது. பக்கத்து நாட்டு வக்கீல் எழுந்து, "தவணை முடிந்தது. நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். அவர்களிடம் இருப்பது ஒரு துண்டு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நம் வக்கீல் எழுந்தார். நேரத்தைப் போக்க மாடியில் பதிவான டேப்பைப் போட்டுக் காட்டினார். சபை முழுவதும் அந்தப் பேச்சைக் கேட்டது. "நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்க" உட்பட.

சபைத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தினமும் ரயிலில் வருகிற மனிதர் என்று பார்த்தாலே தெரிந்தது. கோட்டுப் பொத்தான் ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. பக்கத்து நாட்டு அம்மாளைக் கூப்பிட்டார்.

"நீங்களா போய் உக்காந்தீங்களா, அவர் சொல்லி உக்காந்தீங்களா?"

"அவர் சொல்லித்தான் ஐயா."

"தவணை முடியறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னாலதான்."

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"நன்றி சொன்னேன்."

"அப்புறம்?"

அவள் தன் வக்கீலைப் பார்த்தாள். வக்கீல் கூரையைப் பார்த்தார். "அவங்க ஆளு வந்ததும் எந்திரிச்சுக்கிறோம்னு சொன்னேன்."

"அப்ப இடம் யாருது?"

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "அவங்களுதுதான்," என்றாள்.

தீர்ப்பு வந்தது. ஒருவர் சொல்லி இன்னொருவர் உட்கார்ந்தால், சொன்னவர் வீட்டு விருந்தாளி அவர். விருந்தாளி உட்கார்ந்திருக்கிற வரைக்கும் வீடு காலியில்லை. நம் இடத்தில் கெடுவுக்குள் ஒரு செயற்கைக்கோள் உட்கார்ந்தாகிவிட்டது; அதை உட்கார வைத்தது நம் இடக் காவலர். ஆகவே இடம் நமக்கே.

இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. இனி வர வேண்டியவர் அவசரப்பட்டு வர வேண்டியதே இல்லை! வரும்வரை விருந்தாளி பார்த்துக்கொள்வார். இதைவிட நிம்மதியான திட்டம் எந்த அலுவலகத்துக்குக் கிடைக்கும்? விழா வைத்துவிடலாம் என்று உத்தரவு போட்டார். செயற்கைக்கோள் மேலே போகாததற்கு ஒரு நாடு விழா எடுத்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சேதி சொல்ல இயக்குநரே எங்கள் வீட்டுக்கு வந்தார். என் நாத்தனார் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"நாற்காலி?"

"ரெண்டும் முதல் வரிசையில இருக்கும்மா."

அவள் என்னிடமிருந்து செருப்புப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

விழாவன்று மேடையில் நடுநாயகமாக ஒரு வெல்வெட் நாற்காலி. அதில் கண்ணாடிப் பெட்டியோடு வர வேண்டியவர். கீழே முதல் வரிசையில் இரண்டு நாற்காலிகள். என் நாத்தனார் வீங்கிய காலை அந்தச் செருப்புக்குள் எப்படித் திணித்தாள் என்பது எனக்கும் அவளுக்கும் ஒரு சோப்புக் கட்டிக்கும் மட்டும் தெரியும். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் கீச்சென்றது. போய் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள்.

துண்டு அண்ணன் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பல் பிடுங்கப் போனவர் மாதிரி விளிம்பில் ஒட்டிக்கொண்டு, இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டு, உட்காரத் தெரியாமல் உட்கார்ந்தார். மந்திரி வந்தார், அவருக்கு மேடையில் இடம் இருந்தது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி வந்தாள்; நான் முந்திக்கொண்டு என் இடத்தைக் கொடுத்துவிட்டேன். அவள் துண்டு அண்ணன் முன்னால் வந்து நின்றிருந்தால் எல்லாம் போச்சு.

போட்டோக்காரர் முன்னால் வந்தார். "எல்லாரும் சிரிங்க."

அப்போதுதான் நடைபாதையில் அந்த மூச்சிரைப்பு கேட்டது. தாய்மாமன்! வயது ஏறியிருந்தது; வயிறும் ஏறியிருந்தது. யாரும் அழைக்கவில்லை. நேராக முதல் வரிசைக்கு வந்து துண்டு அண்ணன் முன்னால் நின்றார்.

"என்ன மாப்பிள்ள, சௌக்கியமா? கொஞ்சம் எந்திரிப்பா. மாமனுக்குக் கால் வலிக்குது."

துண்டு அண்ணனின் முழங்கால்கள் தானாக நிமிர ஆரம்பித்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் காதை மூடவில்லை.

"இங்க ஆள் இருக்கு மாமா," என்றாள் என் நாத்தனார்.

கண்ணைத் திறந்தேன். அவள் அவர் தோளிலிருந்த பச்சைத் துண்டை எடுத்து அவர் மடியில் விரித்துப் போட்டுவிட்டு, அதன் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா ஆளு?"

"என் வீட்டுக்காரர்."

"அவன்தான் இங்க உக்காந்திருக்கானே! அவனுக்கு எதுக்கு இன்னொரு இடம்?"

"அதத்தான் மாமா சொல்றேன். ஆள் வந்தாச்சு."

முழங்கால்கள் மெல்ல மடங்கின. துண்டு அண்ணன் பின்னால் நகர்ந்து, முதல்முறையாக நாற்காலியில் முதுகைச் சாய்த்தார். சாய்ந்ததும் அவர் முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்தது பாருங்கள்! நாற்காலிக்கு முதுகுப் பக்கம் என்று ஒன்று இருப்பதை அப்போதுதான் கண்டுபிடித்தவர் மாதிரி.

தாய்மாமன் அதற்கெல்லாம் அசருகிறவரா? சுற்றும் முற்றும் பார்த்தார். மேடையேறினார். வெல்வெட் நாற்காலியிலிருந்த கண்ணாடிப் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா! அங்க ஆள் வருது!" என்று இயக்குநர் அலறினார்.

"வரட்டும் தம்பி. வந்தா எந்திரிச்சுக்கிறேன்," என்றார் தாய்மாமன்.

போட்டோக்காரர் அந்த நேரத்தில்தான் அமுக்கினார்.

அந்தப் போட்டோ இப்போது கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. முன்னால் இரண்டு பேர் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் மேடையில் மாமா. வீட்டுக்கு வருகிறவர்கள், "மடில என்ன வச்சிருக்காரு உங்க மாமா, சாப்பாட்டு டப்பாவா?" என்று கேட்கிறார்கள். என் நாத்தனார் இப்போதெல்லாம் பல்லைக் கடிப்பதில்லை.

"இல்ல," என்கிறாள். "அது வர வேண்டிய ஆளு. மெதுவா வரட்டும்."